தாய்மாமன் ஓட்டிய கார்

என் வீட்டுக்காரர் முருகேசு வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. குடிக்காத ஒரு மனுஷனால் ஒரு குடும்பம் எவ்வளவு குழம்பிப்போகலாம் என்று சொல்வதற்காகத்தான் இங்கிருந்து தொடங்குகிறேன்.

இவருடைய தங்கச்சி மகள் தர்மிகா பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. நாங்கள் இருப்பது ஜேர்மனியில், எர்லாங்கனில். மண்டபம் நகரத்துக்கு வெளியே, டயர்க் கடைகளுக்கும் தளபாடக் கிட்டங்கிகளுக்கும் நடுவில் இருந்தது. எங்கள் சனத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிற மண்டபங்கள் எல்லாம் இப்படித்தான். உள்ளே போனால் வாழைமரம், நிறைகுடம், மேடை முழுக்கப் பிளாஸ்டிக் மல்லிகை. வெளியே வந்தால் கார்த் தரிப்பிடம், அதன் மூலையில் என் தம்பி வசந்த்குமாரின் கார் டிக்கி.

அந்த டிக்கியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மண்டபத்துக்குள் மங்கல காரியம், அங்கே குடி கூடாது. ஆகவே ஆம்பிளைகள் ஒவ்வொருவராகக் காற்று வாங்க வெளியே போவார்கள். காற்று டிக்கிக்குள்தான் இருக்கும்: போத்தல், பிளாஸ்டிக் கிளாஸ், ஐஸ் பெட்டி, ஒரு பை மிக்சர். எந்தக் கொண்டாட்டம் என்றாலும் வசந்த்குமார் மொய் எழுத மறந்தாலும் மறப்பான், டிக்கியை மறக்கமாட்டான். இந்தக் காலத்தில் பொம்பிளைப் பிள்ளைகளும் காற்று வாங்கப் போகிறார்கள். என் மகள் ஆதிரையும் போனாள்.

ஆதிரை விமானி. நூர்ன்பெர்க்கில் இருந்து பறக்கிற ஒரு சின்னக் கம்பெனியில் துணை விமானியாக இருக்கிறாள். இவர் ஊரெல்லாம் 'கப்டன்' என்று சொல்லி வைத்திருக்கிறார், அவள் திருத்தித் திருத்திக் களைத்துப்போனாள். அந்தக் கிழமை அவளுக்குப் பறப்பு இல்லை. மச்சாள்மாரோடு டிக்கிக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கிளாஸ் விஸ்கி குடித்திருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் ஒரு கதையும் இல்லை.

சாப்பாடு இறக்கிய வான் திரும்பிப் போகவேண்டும். எங்கள் கார் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறது. இவர் மேடையில். தாய்மாமன் இல்லாமல் சடங்கு நகராது. தலையில் சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் சந்தனம், கையில் தேங்காய், முகத்தில் ராசாவின் களை. வான்காரர் விடாமல் ஹோர்ன் அடிக்கிறார். வசந்த்குமார் என்ன செய்தான் தெரியுமா? மேடைக்குப் பக்கத்தில் கிடந்த இவருடைய பையில் இருந்து கார்த் திறப்பை எடுத்துக்கொண்டுபோய் ஆதிரையின் கையில் வைத்தான்.

"பிளேனையே ஓட்டுறாய், இதைக் கொஞ்சம் பின்னுக்கு எடுத்துவிடு பிள்ளை."

பிள்ளையும் எடுத்தாள். பின்னால் நின்றது டயர்க் கடைக்காரருடைய கார். அதன் கதவில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு கீறல்.

சத்தம் கேட்டு டயர்க் கடைக்காரர் வெளியே வந்தார். யார் ஓட்டியது என்று கேட்டார். எங்கள் சனம் ஆளுக்கொரு பக்கம் பார்த்தது. அவர் பொலிசைக் கூப்பிட்டார். செய்தி மேடைக்கு வந்ததும் இவர் தேங்காயை உடைத்த கையோடு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார், நான் பின்னால் ஓடினேன். பொலிஸ்காரர் இறங்கி, காரை ஓட்டியது யார் என்று கேட்டார். ஆதிரை வாயைத் திறக்க முதல் இவர் முன்னால் போய், "நான்" என்றார்.

அந்த இடமே விஸ்கியாய் மணந்தது. பொலிஸ்காரர் சும்மா விடுவாரா? குழாயை நீட்டி ஊதச் சொன்னார். இவர் கோயிலில் சங்கு ஊதுகிற மாதிரி மூச்சை இழுத்து ஊதினார். பூச்சியம். பொலிஸ்காரர் குழாயைப் பார்த்தார், தலைப்பாகையைப் பார்த்தார், மறுபடி குழாயைப் பார்த்தார். பிறகு காப்புறுதிக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்துவிட்டு, சடங்குக்கு வாழ்த்தும் சொல்லிவிட்டுப் போனார். வசந்த்குமார் இவரைக் கட்டிப்பிடித்து, "அத்தான், நீங்கள் தெய்வம்" என்றான். நானும் அந்த நேரம் அப்படித்தான் நினைத்தேன். ஆதிரை மட்டும் குனிந்து அந்தக் கீறலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் கேட்டாள்.

"அம்மா, நான் இதைக் கம்பெனிக்குச் சொல்லவேணுமெல்லோ?"

"எதைச் சொல்லப்போறாய்?" என்றேன். உண்மையிலேயே எனக்கு விளங்கவில்லை.

அவர்களுடைய கம்பெனியில் ஒரு விதி இருக்கிறதாம். விமானி கார் ஓட்டும்போது குடியிலோ போதைப்பொருளிலோ பிடிபட்டால், தானாகவே கம்பெனிக்கும் தன்னைச் சோதிக்கிற டொக்டருக்கும் அறிவிக்கவேண்டும். ஆகாயத்தில் இல்லை, தரையில், சொந்தக் காரில், லீவு நாளில் நடந்தாலும் அறிவிக்கவேண்டும்.

சட்டம் படிக்கிற என் மகன் கவிஷன் சோபாவில் கிடந்தபடி தீர்ப்புச் சொன்னான். "நீ பிடிபடேல்லை அக்கா. உன்ரை பேரில் ஒரு வழக்கும் இல்லை. இல்லாத வழக்கை எப்பிடி அறிவிக்கிறது?"

"ஆனால் நான் குடிச்சனான். காரை ஓடினனான். இடிச்சனான்."

"அது உனக்குத் தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாது."

"அப்ப எனக்குத் தெரிஞ்சது கணக்கில்லையோ?"

கவிஷன் எழும்பி இருந்து, அந்தப் பாடம் தங்களுக்கு அடுத்த வருஷம்தான் என்றான். இவனை நம்பி நாளைக்கு ஆர் வழக்குக் கொடுக்கப்போகிறார்களோ தெரியவில்லை.

இவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து இருந்தார். இவரிடம் இந்த நாட்டில் வாழ்வதற்கென்று ஒரு சட்டம் இருக்கிறது: கூப்பிடாமல் ஒரு அரசாங்கக் கந்தோருக்கும் போகாதே, கேட்காத ஒன்றையும் சொல்லாதே. அதற்குக் காரணமும் இருக்கிறது. அகதியாக வந்த புதிதில் முகாமில் இவரோடு ஒரே அறையில் இருந்தவர், விசாரணையில் கேட்காத ஒரு விஷயத்தை நல்ல மனசோடு வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வசனத்தை வைத்தே அவருடைய மனுவை நிராகரித்துவிட்டார்களாம். இவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார், தங்கினார், என்னை ஊரிலிருந்து கூப்பிட்டார், பிள்ளைகள் பிறந்தார்கள். எங்கள் வீடு நிற்பதே அந்த வாய்ப்பூட்டின் மேல்தான். அதை எப்படிப் பிழை என்று சொல்வது?

"பிள்ளை, பொலிஸ் எழுதினதுதான் நடந்தது," என்றார். "உன்னை ஒருத்தரும் கேக்கேல்லை. பேசாமல் இரு."

"அப்பா, எங்கடை வேலையில் கேக்கமாட்டினம். நாங்கள்தான் சொல்லவேணும்."

இது எனக்குக் கொஞ்சம் தெரிந்த விஷயம். முந்தி ஒருநாள் பறப்பில் ஏதோ ஓர் இலக்கத்தைப் பிழையாக அழுத்திவிட்டாள். பக்கத்தில் இருந்த கப்டனே கவனிக்கவில்லை. இவளே உடனே திருத்தி, இறங்கியதும் தானாகவே தன் பிழையை எழுதிக் கொடுத்தாள். கம்பெனி நன்றி சொல்லிப் பதில் போட்டது. அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத் தானே காட்டிக் கொடுக்கிறதும் ஒரு தொழிலா என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அப்படி ஒருவரும் சொல்லாவிட்டால் அதே பிழையை இன்னொருவர் விடுவார், அப்போது கவனிக்க நேரம் இருக்காது என்று அவள் சொன்னாள். அதுவும் சரியாகத்தான் பட்டது. எனக்கு வாய்த்த சாபம், இரண்டு பேர் கதைத்தால் இரண்டு பேரும் சரி என்று படும்.

திங்கட்கிழமை அவள் போய்ச் சொல்லிவிட்டாள். எங்களிடம் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது முகம் வெளிறிக் கிடந்தது. வேலையை விட்டு நிற்பாட்டிவிட்டார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அப்படியும் இல்லை, இப்படியும் இல்லை. குசினியில் எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயத் தோலைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"அவையள் நம்பினமில்லை அம்மா."

"என்னத்தை?"

"நான்தான் ஓடினனான் எண்டு சொன்னன். பொலிஸ் தந்த துண்டைக் கொண்டுவரச் சொல்லிச்சினம், குடுத்தன். அதில் ஓடினது அப்பா எண்டு இருக்கு. குடி பூச்சியம் எண்டும் இருக்கு. அப்ப நீ ஏன் இப்பிடிச் சொல்லுறாய் எண்டு கேக்கினம்."

அவளுடைய மேலாளர் நல்ல மனுஷிதானாம். அந்த மனுஷி சொன்னதை ஆதிரை அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்: குடித்துவிட்டுக் கார் ஓட்டிய விமானியை என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும். பறப்பை நிறுத்துவோம், டொக்டரிடம் அனுப்புவோம், இரத்தம் சோதிப்போம், கதைப்போம், எல்லாம் சரியென்றால் சில மாதத்தில் திரும்பப் பறக்கலாம். அதற்கு ஒரு வழி இருக்கிறது. ஆனால் துண்டு ஒன்று சொல்கிறது, நீ ஒன்று சொல்கிறாய். எது உண்மை என்றே தெரியாத ஒருவரைக் கப்டனுக்குப் பக்கத்தில் நாங்கள் எப்படி இருத்துவது? பொலிசில் இதைத் தெளிவாக்கிக்கொண்டு வா, இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முடிக்கவேண்டி வரும்.

"அப்ப தெளிவாக்கன்," என்றேன்.

"எப்பிடி அம்மா? நான் போய் நான்தான் ஓடினனான் எண்டு சொன்னால், அப்பா பொலிசுக்குப் பொய் சொன்னவர் எண்டு சொன்னதாய் ஆகும். உங்கடை அப்பா பொய் சொன்னவரோ எண்டு மேலாளரும் கேட்டவ. நான் பேசாமல் இருந்திட்டன்." அவளுடைய கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தால் இல்லை. "என்னைப் பற்றி நான் என்னவும் சொல்லுவன். அப்பாவைக் காட்டிக் குடுக்க என்னால ஏலாது. அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

பொய் சொன்ன மனுஷனை எல்லாரும் நம்புகிறார்கள், உண்மை சொன்ன பிள்ளையை ஒருவரும் நம்பவில்லை. இவர் அவளைக் காப்பாற்றத்தான் போனார், அந்தக் காப்பாற்றலே இப்போது அவளை விழுங்கப் பார்க்கிறது. யார்மேல் கோபப்படுவது என்றுகூட விளங்காமல் வசந்த்குமாருக்குப் போன் எடுத்து நன்றாக ஏசினேன். அவன், "அக்கா, நான் காரை எடுக்கத்தானே சொன்னனான், இடிக்கச் சொன்னனானோ?" என்றான். போனை வைத்துவிட்டேன்.

இவருக்கு நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் குசினிக்குக் கதவு இல்லை. இவர் மறுபக்கம் சாப்பாட்டு மேசையில்தான் பேப்பரோடு இருந்தார்.

அடுத்த நாள் காலை முகம் வழித்து, நல்ல சேர்ட் போட்டு, திருநீறு பூசிக்கொண்டு வந்து நின்றார்.

"மரக்கறி வாங்கப் போறன். நீரும் வாரும்."

மரக்கறிக்கு யாரும் இஸ்திரி போட்ட சேர்ட் போடுவார்களா? கேட்டால் சொல்லமாட்டார் என்று பேசாமல் ஏறினேன். தமிழ்க் கடை இருக்கிற தெரு வந்தது, போனது. "இஞ்சருங்கோ, கடை கழிஞ்சு போச்சு," என்றேன். "தெரியும்," என்றார். கை ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தது. ஒரு கட்டடத்துக்கு முன்னால் காரைத் தரிப்பிடக் கோட்டுக்குள் நேராக விட்டார், சரியில்லை என்று வெளியே எடுத்துத் திரும்ப விட்டார். நிமிர்ந்து பார்த்தேன். பொலிஸ் நிலையம்.

"என்ன சொல்லப்போறியள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை," என்றார். "கேள்வி கேட்டால் பதில் சொல்லுவன். இது ஒருத்தரும் கேக்காததெல்லோ. எங்கையிருந்து தொடங்கிறது எண்டு விளங்கேல்லை."

"உங்களுக்கு ஏதும் செய்துபோடுவினமோ?"

"அதுவும் தெரியேல்லை."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு இளம் பொலிஸ்காரி இருந்தாள், ஆதிரையின் வயதிருக்கும். இவர் அந்தத் துண்டின் பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாசித்தாள். ஓட்டியவர் நீங்கள், குடி இல்லை, காப்புறுதி பார்த்துக்கொள்ளும். இதில் என்ன பிரச்சினை என்று அவளுக்குப் பிடிபடவில்லை. கணினியைத் தட்டிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை போலும். இவர் உதட்டை நனைத்துக்கொண்டு நின்றார். முகாமில் எடுத்த இவருடைய பழைய அடையாள அட்டைப் படத்தில் இருக்கிற அதே முகம்.

"உங்களுக்கு இங்கே தெர்மின் இருக்கிறதா? நேரம் எடுத்திருக்கிறீர்களா?" என்று அவள் கேட்டாள்.

இவர் இல்லை என்று தலையாட்டினார்.

"யார் உங்களை வரச் சொன்னது?"

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் இன்னும் கொஞ்சம் கிட்டப் போய் நின்றேன். பிறகு இவர் கண்ணாடிப் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த டொச்சு மொழியில், ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொன்னார்.

"ஒருவரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன்."