தவணை இல்லாத வழக்கு

கனடாவிலிருந்து மகள் பிரேமினி சொல்லித்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். உலகமே கொண்டாடும் நீதிமன்றப் படமாம், ஆறு விருதாம். நெடுந்தீவிலிருந்து போய்ப் போய் ஒன்பது வருடம் காணி எல்லை வழக்குப் பேசியவள் நான். எனக்கென்றே எடுத்தது போல இருக்கும் என்றாள். தேத்தண்ணீரும் கையுமாக ஆசையோடு இருந்தேன்.

வக்கீல் மேசையில் அடித்து அடித்துப் பேசினார். சாட்சி அழுதார், நீதிபதியும் கண்ணைத் துடைத்தார். இரண்டு மணித்தியாலத்தில் தீர்ப்பு. வழக்கைத் தள்ளிவைத்து ஒரு தவணைகூடப் போடவில்லை. கோட்டுக்கு எப்படி வந்தார்கள், எதிலே திரும்பிப் போனார்கள், ஒன்றையும் காட்டவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகளிடம் சொன்னால், அம்மாவுக்குப் படம் விளங்கவில்லையாம்.

விளங்காமல் என்ன? என் எதிராளி பக்கத்து வளவு இராசமணி அக்கா. எங்கள் கல்வேலியோரம் கிடக்கும் மூன்றடி யாருடையது என்பதுதான் வழக்கு. ஊர்காவற்றுறைக் கோட்டுக்குப் போக, குறிகட்டுவான் இறங்குதுறைக்கு விடிய ஒரே வள்ளம். வழக்காளியும் எதிராளியும் அதில்தான் ஏற வேண்டும். முதல் வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தோம். சோளகக் காற்று அடித்த ஒரு நாள் எனக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வந்தபோது, அக்கா கடலைப் பார்த்தபடியே ஒரு தேசிக்காயை நீட்டினார். அந்த எலுமிச்சை மணத்தை முகர்ந்தேன், நின்றுவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணைக்கும் அவருடைய தேசிக்காய், என்னுடைய புட்டுப் பார்சல். கோட்டில் அவருடைய வக்கீல் என்னைப் பொய்க்காரி என்பார். திரும்பும் வள்ளத்தில் அந்த மனிதரின் நடையைச் சொல்லிச் சொல்லி இருவரும் சிரிப்போம். வழக்கு தள்ளிப்போனால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

நான்கு வருடத்துக்கு முன் நான் வென்றேன். அன்று அக்கா வள்ளத்தின் மறுமுனையில் போய் இருந்தார். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவு வரை சத்தி எடுத்தேன். அதன்பிறகு பேச்சில்லை. வென்ற மூன்றடியில் ஒரு கத்தரிக் கன்று நடக்கூட இன்றுவரை மனம் வரவில்லை.

இந்தப் படத்தைத் திட்டித் தீர்க்க எனக்கு இருந்த ஒரே ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார். அக்கா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார். இப்போது திரும்பாவிட்டால் இனி எப்போதும் திரும்பமாட்டார் என்ற பயத்தோடுதான் கூப்பிட்டேன்.

"சொல்லும்," என்றார்.

கதையை முழுக்கச் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"வள்ளம் வரேல்லையோ அதிலை?"

"இல்லை அக்கா. தவணையும் இல்லை."

பிறகென்ன வழக்கு என்று முணுமுணுத்தார். கொஞ்ச நேரம் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"அப்பீலுக்கு இன்னும் காலம் இருக்கோ?"

அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"போய்த்தான் கேக்க வேணும் அக்கா. நாளைக்குக் காலமை வள்ளத்திலை போவமோ?"

"ஓம். நீர் புட்டு அவியும். தேசிக்காய் நான் கொண்டு வாறன்."