ஒன்பது நாள் துவைக்காத பெட்ஷீட்

“பெட்ஷீட் துவைச்சாச்சா?”

வியாழக்கிழமை காலை குழந்தைகள் நல ஆபீசரம்மா போனில் முதலில் கேட்டது இதைத்தான். லிஸ்ட் அக்காவின் ஒரு கையில் யாரோ ஒருவரின் மூக்குக்கண்ணாடி, இன்னொரு கையில் குட்டி ஸ்க்ரூடிரைவர், போன் காதுக்கும் தோளுக்கும் நடுவில். அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில்.

“இன்னும் இல்லீங்க” என்றாள்.

“எட்டு நாளாச்சே.”

“ஆமாங்க.”

“சரி, கேளுங்க. அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இருக்காங்க. ஒண்ணுக்கு ஆறு வயசு, ஒண்ணுக்கு மூணு. ரெண்டு கட்டில் போட்ட ரூம் உங்க வீட்ல மட்டும்தான் காலியா இருக்கு. நாளைக்கு நாலு மணிக்குள்ள சொல்லணும். இல்லன்னா பெரியவ ஒரு ஊரு, சின்னவ ஒரு ஊரு. எனக்கு வேற வழி இல்லை.”

“சொல்றேங்க.”

“ஆனா பெட்ஷீட் துவைச்சாத்தானே நீங்க சொல்ல முடியும்?”

“ஆமாங்க” என்று லிஸ்ட் அக்கா ஸ்க்ரூவை முடுக்கினாள்.

ஒரு பிள்ளை வருவதற்கும் பெட்ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். அதைச் சொல்ல வேண்டுமென்றால் சங்கத்தைச் சொல்ல வேண்டும்.

வளர்ப்புப் பெற்றோர் வட்டாரச் சங்கம். மூன்று ஊர், நாற்பத்தொரு வீடு. பெற்றவர்களால் இப்போதைக்குப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளை, அவர்கள் வீடு சரியாகும்வரை தங்கள் வீட்டில் வைத்து வளர்ப்பவர்கள். ஆறு மாதமோ ஆறு வருஷமோ, என்றாவது ஒருநாள் அந்தப் பிள்ளை கிளம்பிப் போகும். போவதற்காகத்தான் வளர்ப்பதே. லிஸ்ட் அக்கா சங்கத்தின் செயலாளர். எல்லார் நம்பரும் இருக்கும் லிஸ்ட் அவளிடம் இருப்பதால் அந்தப் பெயர்.

அவள் வீட்டில் மூன்று வருஷம் இருந்த பெண்ணுக்கு ‘வால்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம் கேட்க வேண்டாம். நாலு வயதில் வந்தாள், ஏழு வயதில் போன புதன்கிழமை அவளைப் பெற்றவள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். உடம்பு தேறி, வேலை கிடைத்து, வீடு பிடித்து, எல்லாம் முறைப்படி. நல்ல செய்திதான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை.

லிஸ்ட் அக்காவுக்கு மட்டும் ஒன்றும் தோன்றவில்லை. அழுகையும் இல்லை, நிம்மதியும் இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்டு வந்தால் சொந்த உதடே யாருடையதோ போல இருக்குமே, அது மாதிரி உடம்பு முழுக்க. டீ ஆறிப்போனதும் தெரியாது, குடித்ததும் தெரியாது. கடையில் வருகிறவர்களின் கண்ணுக்கும் கண்ணுக்கும் நடுவே ஸ்கேல் வைத்து மில்லிமீட்டர் எடுப்பாள். அறுபத்திரண்டு. அறுபத்தைந்து. அது மட்டும் தப்பவில்லை.

இதற்கு நடுவில்தான் அவள் சங்கத்தின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தாள். பதினெட்டாவது ஆண்டுக் கூட்டத்துக்கு எட்டுப் பக்கத்தில் ஒரு புத்தகம் போட வேண்டும் என்பது தலைவரின் ஆசை. தலைவர் ஓய்வு பெற்ற டிரைவிங் ஸ்கூல் ஆசிரியர். எதைப் பேசினாலும் வண்டியில் ஏற்றிவிடுவதால் கிளட்ச் மாஸ்டர். “சும்மா ஸ்டார்ட் பண்ணும்மா, அதுவா ஓடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஓடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவள்தான் தள்ளிக்கொண்டிருந்தாள்.

டயர் கடையின் பின்னறையில் ஐந்து குடும்பம் கூடியதிலிருந்து ஆரம்பித்தாள். அதற்கு முன்னால் இவர்களெல்லாம் ஒருவருக்கொருவர் யாரோ. நல அலுவலகத்து நடை பெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, “உங்க பிள்ளை தூங்குதா?” “எங்கங்க தூங்குது” என்று பேசி அறிமுகமானவர்கள். பள்ளியில் கையெழுத்துப் போடப் போனால் நீங்கள் யார் என்பார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டுமென்றால் நீங்கள் யார் என்பார்கள். இவர்கள் யார் என்று சொல்லும் கடிதம் ஒன்றை அலுவலகத்திடமிருந்து வாங்கவே சங்கத்துக்கு இரண்டு வருஷம் ஆனது. அதெல்லாம் எழுதினாள். பிறகு வெல்டர் மனைவியிடம் வந்து நின்றாள்.

சங்கத்தின் மூன்றாம் வருஷம். வெல்டர் வீட்டில் கைக்குழந்தையாக வந்து பதினாலு மாதம் இருந்த பிள்ளை போயிற்று. அந்தம்மா கட்டில் துணியைத் துவைக்கவில்லை. அறைக்குள் யாரையும் விடவில்லை. எட்டு மாதம் கழித்து, ஒரு வார்த்தை பேசாமல், அனுமதிப் பத்திரத்தை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். அதற்கடுத்த கூட்டத்தில்தான் பேக்கரிக்காரம்மா எழுந்து, “அன்னிக்கே நம்மள்ல ரெண்டு பேர் போய் அந்தத் துணிய உருவிப் போட்டிருந்தா இந்த மாதிரி ஆகியிருக்காது” என்றாள்.

அதிலிருந்து அது வழக்கம். பிள்ளை போன அன்றோ மறுநாளோ இரண்டு பேர் போவார்கள். பெட்ஷீட்டை உருவி, துவைத்து, காயவைத்து, மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள். வீட்டுக்காரர்கள் தொடக் கூடாது. மடித்து வைக்கும்வரை அடுத்த பிள்ளைக்குச் சரி சொல்லவும் கூடாது. அலுவலகத்தில் முதலில் சிரித்தார்கள். இப்போது அவர்களே முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள்.

யார் யார் போவது என்று முடிவு செய்து போன் போடுவது லிஸ்ட் அக்கா. இதுவரை நூற்று அறுபது தடவைக்கு மேல் அனுப்பியிருப்பாள். தன் வீட்டுக்கும் ஆள் அனுப்ப வேண்டும் என்பது முதல் இரண்டு நாள் அவளுக்கு உறைக்கவே இல்லை. மூன்றாம் நாள் உறைத்தது. உறைத்து என்ன செய்ய, விரல் போகவில்லை.

பஸ் ஓட்டிவிட்டு வந்த கணவர் சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே கேட்டார். “ஆபீசரம்மா என்கிட்டயும் பேசினாங்க. யாரையாவது கூப்பிடேன்.”

“எனக்கு நானே எப்படிங்க கூப்பிடறது?”

“வாயாலதான்.”

அவள் மேஜை மேலிருந்த தாள்களை அடுக்கினாள்.

“அப்ப நான் உருவிப் போடட்டா?”

“வீட்ல இருக்கறவங்க தொடக் கூடாது.”

“இது யார் போட்ட சட்டம்?”

“நான்தான் டைப் பண்ணேன்.”

அவர் அவளை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “அந்தப் பிள்ளைங்க வேற வேற ஊருக்குப் போயிடும்மா” என்றார்.

“தெரியும்” என்றாள். தெரிந்துதான் இருந்தது. ஊசி போட்ட உதட்டைக் கடித்தால் கடிபட்டது தெரியும், வலிக்காது. அந்த மாதிரி.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மணி ஒன்றரை. வால் அறையின் கதவைத் திறந்தாள். பெட்ஷீட்டில் பச்சை ஸ்கெட்ச் பேனாக் கறை, கொஞ்சம் பிஸ்கட் தூள், கால்மாட்டில் ஒற்றை சாக்ஸ். சட்டமாவது ஒன்றாவது, நாமே எடுத்துவிடலாம் என்று ஒரு மூலையைப் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

போன் அடித்தது. பேக்கரிக்காரம்மா.

“ஏண்டி, அந்த வரலாறுல என் கடைய ரொட்டிக்கடைன்னு போட்டிருக்கியாம். மாஸ்டர் சொன்னார். பேக்கரின்னு போடு. இருபது வருஷமா போர்டுல அப்படித்தான் இருக்கு.”

“சரிக்கா.”

“எங்க இருக்க? குரல் கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு.”

“வால் ரூம்ல.”

“அங்க என்ன பண்ற? அதான் துவைச்சு மடிச்சாச்சே. யாரு வந்தாங்க உனக்கு?”

“யாரும் வரலைக்கா.”

அந்தப் பக்கம் ஏதோ தட்டு கீழே வைக்கப்படும் சத்தம்.

“யாரும் வரலைன்னா? நான் மாஸ்டர் வீட்லேருந்து போயிருப்பாங்கன்னு நினைச்சேன். நீ அனுப்பியிருப்பன்னு நினைச்சேன்.”

“எனக்கு நான் எப்படிக்கா அனுப்பறது?”

அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “கைய எடு அதுலேருந்து” என்றாள் பேக்கரிக்காரம்மா.

“எதுலேருந்து?”

“நீ எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறன்னு எனக்குத் தெரியாதா? கைய எடு.”

லிஸ்ட் அக்கா கையை எடுத்தாள்.

இரண்டேகால் மணிக்கு ஆறு பேர் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருவரும் இன்னொருவர் போயிருப்பார் என்று நினைத்தவர்கள். இருந்ததோ ஒரே ஒரு பெட்ஷீட்.

“வழக்கப்படி ரெண்டு பேர்தான்” என்றார் கிளட்ச் மாஸ்டர். “மீதி நாலு பேர் வெளிய பார்க் பண்ணுங்க.”

“முதல்ல நீங்க பார்க் பண்ணுங்க மாஸ்டர்” என்றாள் பேக்கரிக்காரம்மா. “தலைவராம் தலைவர். செயலாளர் வீட்டுக்கு ஆள் போச்சான்னு ஒரு போன் போடத் தெரியலை.”

“நீ போட்டியா?”

“நான் தலைவர் இல்லையே.”

யாரும் வெளியே போகவில்லை. ஒருவர் தலையணை உறையைப் பிடுங்கிக்கொண்டார். ஒருவர் அழுக்கே இல்லாத ஜன்னல் திரையைக் கழற்றினார். ஒருவர் இன்னொரு கட்டிலையும் உருவினார். அதில் மூன்று வருஷமாக யாரும் படுக்கவில்லை. பேக்கரிக்காரம்மா பெட்ஷீட்டை இரண்டே இழுப்பில் உருவிச் சுருட்டி மெஷினில் போட்டாள். பிறகு எல்லாரும் மெஷினுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, அது சுற்றுவதை டிவி பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

“மன்னிச்சுக்கன்னு சொன்னா என்ன சொல்லுவ?” என்று பேக்கரிக்காரம்மா லிஸ்ட் அக்காவின் காதோரம் கேட்டாள்.

“பரவாயில்லைன்னு சொல்லுவேன்.”

“அதான் சொல்லலை.”

பெட்ஷீட் சுற்றியது. ஒருதரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் பச்சைக் கறை வந்து போனது.

“வருதா?”

“என்னதுக்கா?”

“அழுகை.”

“இல்லக்கா.”

“எனக்கு ஏழாவது பிள்ளை போனப்ப வரலை. இன்னிக்கு வரைக்கும் வரலை. எங்கயோ போய் உக்காந்திருக்கு போல.”

லிஸ்ட் அக்கா அதற்காகக் காத்திருந்து பார்த்தாள். சுற்றிலும் ஆறு பேர், நடுவில் தான், இப்போதாவது நெஞ்சில் ஏதாவது அசையும் என்று. மெஷின்தான் அசைந்தது.

மூன்றரைக்குக் கொடியில் போட்டார்கள். மூன்று ஐம்பதுக்கும் ஈரம். ஈரப் பெட்ஷீட் கணக்கில் சேருமா சேராதா என்று பெரிய வாக்குவாதம். மடித்தால்தான் முடிந்தது என்றார் மாஸ்டர். ஈரத்தோடு மடித்தால் நாறும் என்றாள் பேக்கரிக்காரம்மா. கடைசியில் நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொள்ள, ஐந்தாமவர் தலைமுடி காயவைக்கும் மெஷினை வைத்து ஊதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

“துவைச்சாச்சா?”

“துவைச்சாச்சுங்க. கொஞ்சம் ஈரம்.”

“அப்ப உங்க பதில்?”

லிஸ்ட் அக்கா சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். “ஒண்ணு சொல்லணுங்க. எனக்கு இப்ப எதுவுமே தோணலை. பிள்ளைங்க வந்தா கொஞ்சணும்னு தோணுமான்னு தெரியாது. சாப்பாடு நேரத்துக்கு இருக்கும். ஜுரம் வந்தா முழிச்சிருப்பேன். ரெண்டு கட்டிலும் ஒரே ரூம்ல இருக்கும். அது போதும்னா கூட்டிட்டு வாங்க. போதாதுன்னா இப்பவே சொல்லிடுங்க.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. “ஃபாரத்துல மனநிலைன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன எழுதட்டும்?”

“ஒண்ணுமில்லைன்னு எழுதுங்க.”

“நிதானம்னு எழுதிக்கறேன்” என்றாள் ஆபீசரம்மா. “நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம்.”

சனிக்கிழமை பத்து மணிக்கு வந்தார்கள். பெரியவள் வாசலிலேயே செருப்பைக் கழற்றி, தங்கச்சியுடையதையும் கழற்றி, நாலையும் ஒரே வரிசையில் வைத்தாள். “ராத்திரி இவளை நான்தான் பாத்ரூம் கூட்டிட்டுப் போகணும், லைட்டு எங்க இருக்குன்னு காட்டுங்க” என்றாள். லிஸ்ட் அக்கா காட்டினாள். அன்று ராத்திரி இரண்டு கட்டில் இருந்தும் பிள்ளைகள் இரண்டும் ஒரே கட்டிலில் படுத்தன. லிஸ்ட் அக்கா போர்வையை இழுத்துவிட்டாள். அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை. போர்வை சின்னவளின் காலுக்கு எட்டவில்லை என்பது மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேஜையின் மறுகோடியில் உட்கார்ந்து வரலாற்றின் கடைசிப் பத்தியை எழுதினாள்:

“பதினெட்டாம் ஆண்டில் சங்கம் தன் செயலாளரின் வீட்டை ஒன்பது நாள் மறந்துவிட்டது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. அவரும் கேட்கவில்லை. ஒன்பதாம் நாள் ஆறு பேர் வந்து துவைத்தார்கள். அதற்குப் பிறகும் அவருக்கு எதுவும் தோன்றவில்லை. அந்த நிலையிலேயே அவர் இரண்டு பிள்ளைகளை ஏற்றுக்கொண்டார். அவர்கள் இப்போது சேர்ந்து இருக்கிறார்கள். அவருக்கு எப்போது சரியாகும் என்று தெரியாது.”

மாஸ்டருக்கு அனுப்பினாள். பத்து நிமிஷத்தில் போன்.

“ஏம்மா, எட்டுப் பக்கம் அருமையா ஓட்டிட்டு வந்து கடைசியில சுவத்துல இடிச்சிருக்கியே. புதுசா சேர வர்றவங்க இதைப் படிச்சா ரிவர்ஸ் போட்டுடுவாங்க. அந்தப் பத்திய மட்டும் எடுத்துடு.”

“நடந்ததுதானே மாஸ்டர்.”

“நடந்ததுதான். நடந்ததையெல்லாம் ஏத்தினா வண்டி தாங்குமா?”

பேக்கரிக்காரம்மா அதற்கு நேர்மாறு. “அதை எடுத்தா ஒரு புத்தகத்தைக்கூட நான் என் கடையில வைக்க மாட்டேன். வெல்டர் சம்சாரம் கிட்ட அன்னிக்கு யாராவது இப்படி ஒரு தாளைக் காட்டியிருந்தா, தனக்கு மட்டும்தான் இப்படின்னு அவ நினைச்சிருப்பாளா?”

கேட்ட வீடுகளில் பாதி அப்படி, பாதி இப்படி. கணவரைக் கேட்டால், பிள்ளைகளின் தட்டைக் கழுவிக்கொண்டே, “எழுதினவ நீ” என்கிறார். திங்கட்கிழமை மதியம் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும். லிஸ்ட் அக்கா அந்தப் பத்தியை அழிக்கவும் இல்லை, அச்சகத்துக்கு அனுப்பவும் இல்லை, கண்ணாடிக் கடையில் அறுபத்திரண்டு, அறுபத்தைந்து என்று அளந்துகொண்டிருக்கிறாள். இனிமேல் இந்த வேலைக்கு வரப்போகிற ஒருவர் அந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பார். அவர் அந்தப் பத்தியைப் படிக்க வேண்டுமா, கூடாதா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?