தேறினேனா என்று ஜோப்பிடம் கேட்பது எப்படி

மூன்றாவது முறையாகப் பறவை வழிகாட்டித் தேர்வுக்குப் போனபோது எனக்கிருந்த ஒரே நம்பிக்கை, தேர்வாளர் முன்பின் தெரியாத ஆளாக இருப்பார் என்பதுதான். தெரிந்தவர்கள் ஏற்கெனவே இரண்டு முறை என்னைத் தோற்கடித்திருந்தார்கள்.

இந்த முறையும் தோற்றால் அவ்வளவுதான். வழிகாட்டி அட்டை இல்லாதவன் இனி தஞ்சிப் பறவைக் காப்பகத்துக்குள் விருந்தாளிகளைக் கூட்டிப் போகக்கூடாது என்று வழிகாட்டிகள் சங்கம் சொல்லிவிட்டது. நாலாவது வாய்ப்பும் கிடையாது. அதுவரை நான் மற்ற வழிகாட்டிகளுக்குப் பின்னால் தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு போகிறவன். புதரில் உட்கார்ந்திருப்பது என்ன பறவை என்று முன்னால் போகிறவன் காதில் கிசுகிசுப்பேன். பாதி தப்பாக இருக்கும். உரக்கச் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

அன்று கடல் நன்றாக வற்றியிருந்தது. காயலின் வாயில் மணல்திட்டுகள் முதுகு காட்டிக்கொண்டு கிடந்தன. தேர்வுக்கு நாங்கள் இரண்டு பேர். நான், அப்புறம் அலிமாத்து பாஜி. விடுதியில் மீன் வறுத்துக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் பறவை பார்க்கக் கற்றுக்கொண்டவள். தேர்வாளர் பக்காவு ஊரிலிருந்து வந்த பெரியவர். வெள்ளைத் தாடி, தேய்ந்த செருப்பு, சிரிக்காத முகம். எனக்குப் பிடித்திருந்தது.

"பேரு?"

"பிரான்."

"பிரான் என்ன?"

"பிரான் நிஜாய்."

பெரியவர் பேனாவை மூடினார். முகம், மூடியைத் திறந்த சோற்றுச் சட்டி மாதிரி மலர்ந்தது.

"நிஜாயா. நான் ஜோப்."

எங்கள் ஊரில் நிஜாயும் ஜோப்பும் சந்தித்தால் ஒருவரையொருவர் கேலி பேசி வாரியே ஆக வேண்டும். குலத்துக்குக் குலம் அப்படி ஓர் ஏற்பாடு. அடிமை, திருடன், தின்னி என்று என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். கோபப்படக்கூடாது. பதிலுக்கு வாராமல் விட்டாலும் மரியாதை தெரியாதவன் என்றாகிவிடும். சாவு வீட்டில்கூட இதற்கு விலக்கில்லை. தேர்வுக்கு விலக்கு உண்டா என்று மட்டும் யாரும் சொல்லி வைக்கவில்லை.

முதலில் அலிமாத்துவைக் கேட்டார். அவள் தென்பக்கத்து ஜோலா இனத்துக்காரி. ஜோப்புக்கு அவளோடு வாரல் உறவு கிடையாது.

"அந்தக் கறுப்பு வெள்ளை?"

"நெடுங்கால் உள்ளானுங்க."

"சரி. அடுத்தது?"

"கூழைக்கடா."

"சரி."

எவ்வளவு அழகான சொல் அது. சரி. எனக்கும் ஒன்று கிடைக்காதா என்று ஏக்கமாக இருந்தது.

"நிஜாய், நீ சொல்லு. கம்பு மேல உக்காந்திருக்கறது?"

"விரால் அடிப்பான், ஐயா."

"மீன் வச்சிருக்கறவன் யாரா இருந்தாலும் நிஜாய்க்கு அடையாளம் தெரிஞ்சிரும்."

இது சரியா, தப்பா? அலிமாத்துவைப் பார்த்தேன். அவள் கடலைப் பார்த்தாள்.

பதில் சொல்லாமல் விடக்கூடாதே. "நாங்க மீனோட நிறுத்திக்குவோம், ஐயா. ஜோப்புங்க மீன் வச்ச தட்டையும் சேத்துத் தின்னுருவாங்க," என்றேன். தேர்வாளரைத் தின்னி என்று சொல்லி எவனாவது தேறியிருக்கிறானா?

அவர் தொடை தட்டிச் சிரித்தார். பேனாவை மட்டும் திறக்கவில்லை.

அடுத்து ஆலாக் கூட்டம். ஒன்றைக் காட்டினார். பேர் சொன்னேன்.

"அது இல்ல. அலகப் பாரு," என்றார்.

வாருகிறார் என்று நினைத்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடக்க ஒடுக்கமாக அல்ல, பல் அத்தனையும் தெரிய. அவர் சிரிக்கவில்லை. நிதானமாக என் சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தார். அலகைப் பார்த்தேன். நான் சொன்னது தப்பு.

அதன்பிறகு எதற்குச் சிரிப்பது, எதற்குத் தலைகுனிவது என்று எனக்குப் பிடிபடவேயில்லை. அவர் 'பரவாயில்லையே' என்றபோது தலைகுனிந்தேன். 'உன் கண்ணை நாய்க்குப் போடு' என்றபோது நன்றி சொன்னேன்.

கடைசியில் ஒரு மணல்திட்டைக் காட்டினார். கடற்காகங்களுக்கு நடுவே ஒன்று தனியாக நின்றது. கடற்காகம் வளர்ந்து முடிக்கும்வரை ஆண்டுக்கொரு சட்டை மாற்றும் பிறவி. அதில் இது எந்தச் சட்டையிலும் சேரவில்லை. முதுகு கறுப்பும் இல்லை, சாம்பலும் இல்லை. கால் மஞ்சளா, வெளிர்சிவப்பா என்று நான் முடிவு செய்வதற்குள் அது சேற்றில் காலை வைத்துவிட்டது.

"அது என்ன?"

நிறைய நேரம் பார்த்தேன். "தெரியல, ஐயா."

"தெரியலயா?"

"தெரியல. உங்களுக்குந்தான் தெரியாது."

பழக்கதோஷத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஆனால் இந்த முறை ஜோப் சிரிக்கவில்லை. தாடியை ஒருமுறை நீவினார். தொலைநோக்கியை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

"நீ தேறல. நிஜாய் கழுத்துல அட்டைய மாட்டுனா, அதையும் வித்துத் தின்னுருவான்," என்று சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்.

வீட்டில் அக்கா சைனபு வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "தேறினியா?"

"தெரியல."

"அவரு என்ன சொன்னாரு?"

"தேறலன்னாரு."

"அப்ப தேறல."

"அவரு ஜோப்."

"அப்ப தேறிட்ட." கொஞ்சம் யோசித்தாள். "சிரிச்சிக்கிட்டே சொன்னாரா?"

"முதல்ல சிரிச்சாரு. கடைசியில சிரிக்கல."

"நீ என்ன பண்ணுன?"

"எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பண்ணிட்டேன்."

அலிமாத்துவுக்கு மறுநாளே அட்டை வந்தது. எனக்குப் பல நாளாகியும் 'தேறவில்லை' என்றுகூட வரவில்லை. நேரே போய்க் கேட்கலாம்தான். ஆனால் ஒரு ஜோப்பிடம் போய் 'நீங்கள் சொன்னது விளையாட்டா, நிஜமா' என்று கேட்கும் நிஜாய் பிறகு ஊரில் தலைகாட்ட முடியாது. கேலி புரியாத ஜடம் என்பார்கள். இதைச் சொன்னதும் சைனபு, "மத்தபடி உன்னப் பத்தி இப்ப என்ன சொல்றாங்கன்னு நெனைக்கிற?" என்றாள்.

போனேன்.

பக்காவுவில் ஜோப் தன் வீட்டு முற்றத்தில் அத்தாயா டீ காய்ச்சிக்கொண்டிருந்தார். "அடிமை வந்துட்டான். டீ வாசம் மூக்குல ஏறிடுச்சு போல," என்றார். நான் பதிலுக்கு ஏதோ சொன்னேன். முதல் குவளை குடித்தோம். பிறகு அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். நானும் கழற்றினேன், ஏன் என்று தெரியாமலே.

"இப்ப ஜோப்பா கேக்கல. சங்கத்து ஆளாக் கேக்குறேன். 'உங்களுக்குந்தான் தெரியாது'ன்னியே, அது வாருனதா, இல்ல நெசமாவே சொன்னியா?"

நான் கேட்க வந்ததை அவர் கேட்டுவிட்டார். வாரினேன் என்றால் தேர்வில் விளையாடியவன். நிஜமாகச் சொன்னேன் என்றால் பெரியவரை அவமதித்தவன். எது நல்லது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

"தெரியலங்க. வாயில வந்துச்சு."

அவர் அடுப்புக் கரியை ஊதினார். "எனக்கு அது என்னன்னு நெசமாவே தெரியாது," என்றார், கரியிடம் சொல்வது மாதிரி. "தேர்வுக்கு வர்றவங்க எல்லாரும் அந்த மாதிரி ஒண்ணுக்கு டக்குனு ஒரு பேர் சொல்லுவாங்க. நான் பெரிய ஆளு மாதிரி தலையாட்டுவேன். நீ மூஞ்சிக்கு நேரா சொல்லிட்ட. அன்னிலேருந்து எனக்குக் குழப்பம். எனக்கே தெரியாததுக்கு உன்ன எப்படித் தோக்கடிக்கிறது? என்னைத் திட்டுனதுக்கு உன்ன எப்படித் தேத்துறது?"

தோற்கப்போவது நான்தான் என்பதையும் மறந்து அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"வாங்க, போயிப் பாத்துருவோம்," என்றேன்.

மறுநாள் காலை இருவரும் அதே திட்டுக்கு எதிரே குப்புறப் படுத்துக்கொண்டோம். அந்தக் கடற்காகமும் அதே இடத்தில் நின்றது.

"கால் மஞ்சள்," என்றார் அவர்.

"வெளிர்சிவப்பு, ஐயா. உங்க கண்ணாடியத் தொடைங்க."

"தொடச்சா உன் மூஞ்சி தெரியும். வேணாம்." சற்றுப் பொறுத்து, "நெசமாவா? எனக்கு இப்பல்லாம் கால் நெறம் பிடிபடறதில்ல. நீ பாத்துச் சொல்லு," என்றார்.

பார்த்துச் சொன்னேன். முதுகு, அலகு, கால், இறக்கை நுனி என்று ஒவ்வொன்றாக. ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. வெயில் ஏறியது, நீரும் ஏறியது. கடற்காகம் எங்கள் இருவரையும் மதிக்காமல் கடலைப் பார்த்துப் பறந்துபோனது.

"என்ன எழுதட்டும்?" என்றார்.

"தெரியலன்னு எழுதுங்க."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அவர் சட்டைப்பையில் கையை விட்டு நீலநாடா கட்டிய அட்டையை எடுத்தார். என் கழுத்தில் மாட்டினார். "தேறிட்ட. இத சிரிக்காமச் சொல்றேன், நல்லாப் பாத்துக்க."

நல்லாப் பார்த்தேன். தாடிக்குள் உதடு துடித்துக்கொண்டிருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சங்கத்தின் முத்திரை இருந்தது, என் பெயர் இருந்தது. பேனாவால் எழுதியிருந்த மை வெளுத்து, பையில் பல நாள் கிடந்தது மாதிரி இருந்தது. எப்போது எழுதினார்? தேர்வுக்கு மறுநாளா? அப்படியானால் இவ்வளவு நாள் எதற்கு? கேட்கவில்லை. நிஜாய் ஜோப்பிடம் அதைக் கேட்க முடியாது.

அப்போது பாதையில் அலிமாத்து ஒரு பெரிய விருந்தாளிக் கும்பலோடு வந்தாள். சமாளிக்க முடியாமல் திணறுவது தூரத்திலேயே தெரிந்தது. என் கழுத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, பாதிப்பேர நீங்க கூட்டிட்டுப் போறீங்களா?"

ஜோப்பைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மறுபடி குப்புறப் படுத்து, ஒரு பறவையும் இல்லாத மணல்திட்டைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுந்து மணலைத் தட்டிவிட்டு, அந்தப் பாதிப்பேருக்கு முன்னால் நடந்தேன். 'டேய் நிஜாய், குடுறா அட்டைய' என்று கூப்பிட்டுவிடுவாரோ என்று பாதை திரும்பும்வரை முதுகு காத்திருந்தது. கூப்பிடவில்லை.