பதினோராம் கட்டில்

கண்டி டவுனில் ஒரு துணிக்கடையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். எந்தச் சிங்கள நோனாம்மா வந்தாலும் சிங்களத்தில் பேசிப் பேசியே ஒரு சேலையைத் தலையில் கட்டிவிடுவேன். அந்த வாய்தான் என்னைக் கெடுத்தது. வெட்கங்கெட்ட கதை, இருந்தாலும் சொல்லித் தொலைக்கிறேன்.

மகள் தர்ஷிகாவுக்கு அப்பென்டிக்ஸ் ஒப்பரேஷன். பெண்கள் வார்டில் அவளுக்குத் துணையாக இருந்தேன். தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் பாதிப் பேருக்குச் சிங்களம் வராது, நர்ஸ் மிஸ்ஸிமாருக்குத் தமிழ் வராது. இரண்டாம் நாளே, "சுந்தரி அக்காவக் கூப்பிடுங்க" என்று கட்டிலுக்குக் கட்டில் குரல் கேட்க ஆரம்பித்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்களுக்குப் பக்கத்துக் கட்டில், பதினோராம் நம்பர், நிலூஷாவுடையது. கலஹாப் பக்கத்துத் தோட்டம், தேயிலை நர்சரியில் வேலை. வலது பாதத்தில் அட்டை கடித்த இடம் புண்ணாகிச் சீழ்வைத்து, கால் முழங்கால் வரை பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அந்த வலியிலும் ஏதாவது சொல்லித் தர்ஷிகாவைச் சிரிக்க வைப்பாள். "ஐயோ அக்கா, சிரிக்க வைக்காதீங்க, தையல் இழுக்குது" என்று இவள் கத்துவாள். நானும் சிரித்தவள்தான்.

மூன்றாம் நாள் காலை, அடையாள அட்டையில் இருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து ஓர் ஊழியர் நோயாளிகளைக் கூப்பிட்டார். "திவாகரன்!" என்றார். பெண்கள் வார்டில் ஆம்பளைப் பெயரா என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். நிலூஷா தலையைக் குனிந்துகொண்டே கையைத் தூக்கினாள்.

அடிப்பாவி, நேற்று என் பிள்ளை இவளுக்கு முன்னாலா சட்டை மாற்றினாள்! கட்டில் கட்டிலாகப் போய்ப் பேசினேன். "வயசுப் புள்ள படுத்திருக்கிற எடம்ங்க. இது நியாயமா?" சிலர் தலையாட்டினார்கள். எதிர்க் கட்டில் ரபீகா மட்டும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் கூச்சமாத்தான் ஈக்கி. அதுக்கு ஒரு திரையப் போட்டாச் சரி. கால் வீங்கினவள எங்க அனுப்புற?" என்றாள்.

"ஒங்களுக்கு என்ன, பொம்பளப் புள்ளையா இருக்கு?" என்று அவள் வாயை அடைத்துவிட்டு நேராக வார்டு சிஸ்டரிடம் போனேன். சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். டொக்டரிடம் பேசிவிட்டுப் பதினோராம் கட்டிலுக்கு வந்து, மொழிபெயர்க்க என்னையே கூப்பிட்டார். வேறு யாரைக் கூப்பிடுவார்? தர்ஷிகா அந்த நேரம் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

சிங்களத்தில் அவர் சொன்னது ஒரு சொல் பிசகாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். டொக்டர் இவரை இந்த வார்டிலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் திரை போடுவோம். இன்னும் ஏழு நாள் ஊசி மருந்து ஏற்ற வேண்டும். இடையில் விட்டால் காலுக்கு ஆபத்து."

நிலூஷா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்னைய இங்க வச்சிக்க முடியாதாம். ஆம்பள வார்டுக்கு மாத்தப் போறாங்களாம்" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. "ஆம்பள வார்டுக்கா? முன்ன ஒரு தடவ காய்ச்சலுக்கு அங்க படுத்தேன்க்கா. ரெண்டு நாளும் போர்வைய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டே கெடந்தேன். அதுக்கு வீட்டுக்கே போயிரலாம்."

"போறதுன்னா கையெழுத்துப் போடணும்" என்றேன். சிஸ்டரிடம் திரும்பி, வீட்டில் பார்க்க ஆளில்லாத தாய் இருக்கிறாளாம், போயே தீருவேன் என்கிறாள் என்றேன். அவர் திகைத்துப்போய், காலுக்கு ஆபத்து என்பதைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். "அவசரமாக் கட்டில் வேணுமாங்குறாங்க" என்று நிலூஷாவிடம் சொன்னேன். கூசாமல் சொன்னேன். நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பையைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனவள் என்னிடம் நின்று, "நீங்களாவது மொகத்துக்கு நேராச் சொன்னீங்களேக்கா" என்றாள். அன்றைக்கே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

ஒன்பது நாள் கழித்துத் தர்ஷிகாவுக்குத் தையல் வெட்டப் போனோம். புண் கட்டும் அறை வாசலில் சக்கர நாற்காலியில் நிலூஷா இருந்தாள். வலது பாதத்தில் பாதியைக் காணோம். மிச்சத்தைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தது.

"அக்கா!" என்று சிரித்தாள். "காய்ச்சல்ல நெனவே இல்லாமத் தூக்கிட்டு வந்தாங்களாம். தங்கச்சிக்குச் சொகமாயிருச்சா?"

அந்த நேரம் பார்த்து அதே சிஸ்டர் வெளியே வந்தார். "நல்ல வேளை, வந்தீர்கள். அவ்வளவு சொல்லியும் அன்றைக்கு ஏன் போனார் என்று இவரிடம் கேளுங்கள். நான்கு நாள் முந்தி வந்திருந்தால் பாதத்தைக் காப்பாற்றியிருப்போம்."

"என்னக்கா சொல்றாங்க?" என்றாள் நிலூஷா.

தப்பிக்க ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. தர்ஷிகா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பொய்யை விழுங்கிவிட்டு, சிஸ்டரிடம் சிங்களத்தில் சொன்னேன். "அவள் போகவில்லை. நான்தான் அனுப்பினேன். நீங்கள் சொன்ன எதையும் நான் அவளிடம் சொல்லவில்லை." சிஸ்டர் கையில் பஞ்சோடு அப்படியே நின்றார்.

"அக்கா, என்னன்னு எனக்கும் சொல்லுங்களேன்."

சிங்களத்தில் வந்தது தமிழில் வரவில்லை. அவளிடம் சொல்ல எனக்கு வாயில்லை. பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிக்கிற என் மகள் என் கையை உதறிவிட்டு, சக்கர நாற்காலியின் பக்கத்தில் குந்தி, எல்லாவற்றையும் மெதுவாகத் தமிழில் சொன்னாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நிலூஷா கத்துவாள், காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன். துப்பியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை. சிஸ்டரைத்தான் பார்த்தாள்.

"அப்ப, அன்னைக்கு இவங்க என்னைய இங்கயே இருக்கவா சொன்னாங்க?" என்று தர்ஷிகாவிடம் கேட்டாள்.