நூலகத்தில் இருந்த ஒரே பிரதி

மீனாவுக்கு நாவல் படிக்கும் ருசியைக் காட்டியதே தான்தான் என்று சுதாவுக்கு ஒரு பெருமை உண்டு. இருவரும் உத்திரமேரூரில் ஒரு தையல் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் வேலை பார்த்தார்கள். காவாந்தண்டலத்திலிருந்து ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். சுதாவின் வீடு ஊருக்குள் இருந்தது. நிலபுலன் உள்ள குடும்பம். மீனா ஊர்க்கோடி இருளர் குடியிருப்பிலிருந்து நடந்து வந்து பஸ் ஏறுவாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் கையில் ஒரு நாவலைத் திணித்து, "படிச்சிப் பாரு, நல்லா கீது" என்று சொன்னவள் சுதா.

அதிலிருந்து மதியச் சோற்று வேளை முழுக்க நாவல் பேச்சுதான். கதையில் எவனாவது பெண்டாட்டியை விட்டு ஓடிவிட்டால், இவர்கள் இரண்டு பேரும் ரசம் ஆறுவது தெரியாமல் அவனை வறுத்தெடுப்பார்கள். சுதாவின் கணவன் வினோத்குமார் தினத்தாளில் கிரிக்கெட் பக்கத்தைத் தாண்டாதவன். அதனால் சுதாவுக்கு மனம்விட்டுப் பேச வாய்த்தது மீனா ஒருத்திதான்.

உத்திரமேரூர் கிளை நூலகத்தில் நூலகர் கிருஷ்ணசாமி மாதாமாதம் வாசகர் கூட்டம் ஆரம்பித்தபோது, மீனாவை வற்புறுத்தி அழைத்துப்போனதும் சுதாவே. அங்கேதான் மார்த்தாள் வந்து சேர்ந்தாள். கணவனுக்கு வேலை மாற்றலாகி இந்த ஊருக்குக் குடிவந்தவள். மெடிக்கல் ஷாப்பில் வேலை. மற்றவர்கள் எல்லாம் "கதை நல்லா இருந்தது, குடும்பத்தோடு படிக்கலாம்" என்று சொல்லி உட்கார, அவள் எழுந்து, "எனக்குப் பிடிக்கலைங்க. எழுதினவருக்கு அந்த மாமியாரைக் கண்டா பயம். அதான் கடைசிவரைக்கும் அவளை வாயே திறக்க விடல" என்றாள்.

மீனா விழுந்து விழுந்து சிரித்தாள். சுதா எத்தனையோ சொல்லியிருக்கிறாள். மீனா இப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை.

பிறகு கம்பெனியில் டிபன் பாக்ஸைத் திறந்தாலே, "மார்த்தாக்கா இன்னா சொன்னாங்கோ தெரியுமா?" என்றுதான் பேச்சு தொடங்கியது. சுதா பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிவிடுவாள். 'நான் கொடுத்த புத்தகத்தில் எழுத்துக் கூட்டியவள், இன்று எனக்கே பாடம் நடத்துகிறாள்' என்று நினைப்பாள். மீனா பன்னிரண்டாவது வரை படித்தவள் என்பது அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோகும்.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்துக்கு 'சுண்ணாம்புக் காளவாய்' என்று ஒரு நாவல் வந்தது. ஒரே பிரதி. "நானும் மார்த்தாக்காவும் மாத்தி மாத்திப் படிச்சிட்டு அடுத்த கூட்டத்துல பேசப்போறோம்" என்றாள் மீனா. 'நீயும் வாக்கா' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் மதியம் தலைவலி என்று பர்மிஷன் போட்டுவிட்டு சுதா நேராக நூலகத்துக்குப் போனாள். தன் பெயரில் எடுத்தால் தெரிந்துவிடும் என்று, எப்போதோ கணவன் பெயரில் வாங்கி வைத்திருந்த உறுப்பினர் அட்டையை நீட்டினாள். வீட்டுக்கு வந்து பீரோவில் புடவைகளுக்கு அடியில் புத்தகத்தைச் செருகினாள். படிக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. அவர்கள் இருவரும் படிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

"யாரோ ஒரு ஆளு எட்த்துனு பூட்டாராம்க்கா" என்று மீனா முகத்தைத் தொங்கப்போட்டாள். சுதா, "அப்டியா?" என்று ஊசியில் நூல் கோத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சும்மா புரட்டலாம் என்று எடுத்ததுதான். சுண்ணாம்புக்கல் சுடும் காளவாயில் கூலி வேலை செய்யும் சாரதா என்றொரு பெண்ணின் கதை. குடிகாரப் புருஷனை விட்டு வந்தவள். விட்டு வந்த மகன் வளர்ந்து, கடைசியில் தேடிவந்து கூப்பிடுகிறான். அவள் அவனுக்கு வயிறாரச் சோறு போட்டு அனுப்பிவிட்டுத் திரும்ப வேலைக்குப் போகிறாள். படித்து முடித்தபோது அடுப்பில் குழம்பு தீய்ந்திருந்தது. சுதா அதைக்கூடக் கவனிக்காமல் அழுதுகொண்டிருந்தாள்.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. வினோத்குமாரிடம் ஆரம்பித்தாள்.

"பையன் கூட போனாளா, போவலியா? அத்த மட்டும் சொல்லு."

"போவல."

"சரி, சோத்தப் போடு."

பஸ்ஸில் மீனாவின் பக்கத்தில் உட்கார்ந்து, வாய்வரை வந்த சாரதாவை விழுங்கிக்கொண்டு வருவது பெரும் பாடாக இருந்தது. சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். ஒரு நாள் அதற்குமேல் முடியாமல் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மீனாவின் மடியில் வைத்தாள்.

மீனா அட்டையைப் பார்த்தாள். "நீயாக்கா வெச்சினு இருந்த?"

"ஆமா."

"எதுக்கு?"

"நீயும் அவளும் சேந்து படிக்கிறது எனக்குப் புடிக்கல."

மீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் நின்றதும் எழுந்துகொண்டே சொன்னாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா, மொதல்ல நீயே படின்னு வுட்டிருப்பேனே." அந்த வாரம் முழுக்க அவள் தனியாகத்தான் சாப்பிட்டாள். புத்தகத்தைப் படித்து முடித்து மார்த்தாளிடம் கொடுத்தாள்.

அடுத்த கூட்டத்தில் மீனா முதலில் எழுந்தாள். "பெத்த புள்ள தேடினு வந்து நிக்குது. எந்தத் தாயாவது போவாம இருப்பாளா? நம்மள அழ வெக்கணும்னே எழுதிக்கீறாரு" என்று சொல்லிவிட்டு மார்த்தாளைப் பார்த்தாள்.

மார்த்தாள் தலையை ஆட்டினாள். "இல்ல மீனா. அவ போயிருந்தா எனக்குப் புத்தகமே பிடிச்சிருக்காது. அங்க போனா திரும்ப அந்தப் புருஷன் வீடுதான்."

"அதேதான்!" சுதா தன்னை அறியாமல் எழுந்துவிட்டாள். "புள்ளைக்குச் சோத்தப் போட்டு அனுப்பறாளே, அங்கயே அவ தாயிதான். கூட போனாத்தானா?"

மார்த்தாள் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினாள். கூட்டம் முடிந்தும் இருவரும் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். இவளையா இத்தனை நாள் கரித்துக்கொட்டினோம் என்று சுதாவுக்கே வியப்பாக இருந்தது.

"பஸ்ஸு பூடும்" என்று மீனா இரண்டு தடவை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடாமல் முன்னால் நடந்துவிட்டாள்.

சுதா ஓடிப்போய் ஏறினாள். மீனா பக்கத்து சீட்டில் பையை வைத்திருந்தாள். சுதா நிற்பதைப் பார்த்து, கொஞ்சம் தாமதித்தே பையை எடுத்தாள். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியது.

"மார்த்தாக்கா உங்கூட அம்மாம் நேரம் இன்னா பேசினு இருந்தாங்கோ?" என்றாள் கடைசியில், வெளியே பார்த்தபடியே.

அந்தக் குரல் சுதாவுக்கு நன்றாகப் புரிந்தது. பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் தித்திப்பாகவும் இருந்தது. இரண்டில் தித்திப்புதான் கொஞ்சம் அதிகம். ஒன்றுவிடாமல் சொன்னாள். மார்த்தாள் சொல்லாத இரண்டொரு வார்த்தையையும் சேர்த்தே சொன்னாள்.