பழைய ஃபோனில் தெரிந்த மனைவி

ஒஃபோரி கடைசியாகச் சிரித்தது ஓர் உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்துத்தான். குமாசி நகரில் அவர்கள் கடையின் வேலையே இறந்தவர்களுக்கு நினைவு மலர் போடுவது. வாழ்க்கை வரலாறு, மனைவியின் அஞ்சலி, பிள்ளைகளின் அஞ்சலி, பாட்டுகள். சடங்குக்கு வர முடியாத வெளிநாட்டு உறவுகளுக்கு அதையே மின்னூலாக்கி ஃபோனுக்கு அனுப்புவார்கள். அன்று ஒருவர், தன் அஞ்சலி எல்லாவற்றுக்கும் முன்னால் வர வேண்டும் என்று மூன்றாம் முறையாக அழைத்திருந்தார்.

"வாழ்க்கை வரலாற்றுக்கும் முன்னாடி வேணுமாம்," என்றான் ஒஃபோரி. "செத்தவர் பொறக்கறதுக்குள்ள இவர் அழ ஆரம்பிச்சுடுவார் போல."

"போட்டுத் தொலை. காகிதக் கடை மூடிடப் போறான்," என்றாள் அவன் மனைவி சார்போமா.

அவன் காகிதம் வாங்கப் போனான். அடும் கடைத்தெருப் பக்கம் வேகமாகத் திரும்பிய ஒரு டிரோட்ரோ சிற்றுந்து அவனைத் திரும்பி வரவிடவில்லை.

அவனுக்கான மலரை வேறு கடையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. எழுத்துப் பிழை பார்ப்பதுதான் அவள் வேலை. மின்னூலின் உள்கட்டு அவன் கைவேலை. அவன் செய்வது போலவே முந்தைய மலரின் கோப்பைப் பிரதி எடுத்து, அதிலிருந்தவரை நீக்கிவிட்டு ஒஃபோரியை வைத்தாள். உள்ளடக்கத்தின் ஒவ்வொரு வரியையும் தொட்டுப் பார்த்தாள். சரியான பக்கத்துக்கே போனது. செவ்வாய்க்கிழமை காலை குடும்பத்தாருக்கு அனுப்பினாள்.

பத்து மணிக்கு நாத்தனார் டூஃபி அழைத்தாள்.

"அண்ணி, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அச்சியா யாரு?"

"எந்த அச்சியா?"

"மாமா ஃபோன்ல, பக்கவாட்டு மெனுவுல இருக்கு. 'மனைவியின் அஞ்சலி, அச்சியா'ன்னு."

சார்போமா தன் ஃபோனைத் திறந்தாள். "என் பேருதானே இருக்கு?"

"எனக்கும் உங்க பேருதான் காட்டுது. அதான் ஒண்ணும் புரியல. இருங்க, மாமா புடுங்கறார்."

ஒஃபோரியின் தாய்மாமன்தான் குடும்பத் தலைவர். சடங்கில் யார் எங்கே உட்காருவது என்பது அவர் சொல்.

"என் ஃபோன் பழசுதாம்மா, ஆனா பொய் சொல்லாது. அவ பேரைத் தொட்டா உன் படம் வருது. என்ன கூத்து இது? சனிக்கிழமை சடங்குல உன் பக்கத்துல அவளுக்கும் ஒரு நாற்காலி போடணுமா? மத்தியானத்துக்குள்ள சொல்லிடு. பெரியவங்க கேக்கறாங்க."

அப்படி யாரும் கிடையாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அச்சு இயந்திரம் பழுது பார்க்க அவன் மாம்போங் ஊருக்குப் போய் இரண்டு நாள் தங்கியது நினைவுக்கு வந்தது. "பாத்துட்டுச் சொல்றேன் மாமா," என்றாள்.

கோப்பைப் பிரித்தாள். உள்ளே மெனுப் பட்டியல் இரண்டு இருந்தது. புதிய ஃபோன்கள் படிப்பது ஒன்று. அதைத்தான் அவள் திருத்தியிருந்தாள். பழைய ஃபோன்களுக்கானது இன்னொன்று. அப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. அதில் அச்சியா இருந்தாள். பெயருக்குப் பின்னால், எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று சொல்லும் இடக்குறி எல்லா மலருக்கும் ஒன்றே என்பதால், தொட்டதும் சார்போமாவின் பக்கம் திறந்திருக்கிறது.

முந்தைய மலரைப் பிரித்தாள். அதிலும் அச்சியா. அதற்கு முந்தையதிலும். லாரி ஓட்டுநருக்கு அச்சியா மனைவி, போதகருக்கு அச்சியா மனைவி, கல்யாணமே ஆகாத ஒரு செவிலிக்கும் அச்சியா மனைவி. இருபத்து மூன்று பேரைத் தாண்டி, சார்போமா இந்தக் கடைக்கு வருமுன் அவன் செய்த முதல் மலரில்தான் அச்சியாவின் முகம் கிடைத்தது. மரவாடிக் கணக்கர் ஒருவரின் மனைவி. கறுப்புத் துணியில், பருத்த உடம்போடு, கேமராவைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். ஒஃபோரி அவளுக்காக அந்தப் பட்டியலை எழுதியிருக்கிறான். பிறகு அதைத் திறக்கவே மறந்துவிட்டான்.

மாமாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"அட, அந்த மகராசி எத்தனை பேருக்குத்தான் அழுதிருக்கா!" என்றார் அவர். "அப்போ நாற்காலி?"

"ஒண்ணு போதும் மாமா."

அச்சியாவின் பெயரை அழிக்க விரல் வைத்தவளுக்குக் கை ஓடவில்லை. இந்த நிமிடம் வரை அந்தப் பட்டியலில் ஒஃபோரியை இழந்தவள் வேறொருத்தி. இந்தப் பெயரை எடுத்தால் விதவையின் இடம் காலியாகும். அங்கே உட்கார ஒருத்திதான் இருந்தாள். வெகு நேரம் கழித்து, ஒவ்வோர் எழுத்தாக, சார்போமா என்று அடித்தாள்.

"பழையதை அழிச்சுட்டு இதைத் திறங்க மாமா," என்று கோப்பை மறுபடி அனுப்பினாள்.

"இப்போ உன் பேருதாம்மா வருது," என்றார்.

கோப்பை மூடுமுன் நூல் விவரங்களைப் பார்த்தாள். தலைப்பும் தேதியும் மாறியிருந்தன. அவற்றின் கீழே அவள் தொடாத இன்னொரு வரி இருந்தது. உருவாக்கியவர்: ஒஃபோரி.