குருவிக்கல்

உலகத்துக்குத் தலையாரி கிடையாது என்று ஜெகதாம்பாள் மேடம் சொன்னபோது வகுப்பில் பாதிப்பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மீதிப்பேர் தூங்குவதற்குத் தோதான இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒழுங்காக முழித்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் செட்டிகுளம் முத்தமிழ். அவனுக்குப் பாடம் பிடித்திருந்தது. இன்னொருவன் லப்பைக்குடிக்காடு அல்தாப். அவன் அண்ணன் குவைத்தில் மளிகைக் கடையில் வேலை பார்த்தான். பக்கத்திலிருக்கும் ஈராக்கில் எந்த நேரமும் குண்டு விழும் என்று பேப்பர்க்காரன் தினமும் போட்டுக்கொண்டிருந்ததால் அல்தாப்புக்குத் தூக்கம் வருவதில்லை.

இரண்டாயிரத்து மூன்று, மாசி மாதம். அரியலூரில் ஒரு கல்லூரி. அரசியல் அறிவியல் இளங்கலை. வேறெதிலும் இடம் கிடைக்காதவர்கள் உலகத்தை ஆளக் கற்றுக்கொள்ளும் படிப்பு.

"ஊருக்குத் தலையாரி இருக்காரு, தாலுக்காவுக்குத் தாசில்தார் இருக்காரு. நாட்டுக்கும் நாட்டுக்கும் தகராறுன்னா யார்கிட்டப் போயி மனு குடுப்பீங்க?" என்றார் மேடம். "ஒருத்தரும் கெடையாது. அதனால ஒவ்வொரு நாடும் தன்னைத் தானேதான் பாத்துக்கணும். பக்கத்து நாட்டுக்காரன் மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. கையில என்ன இருக்குன்னுதான் தெரியும். கையைப் பாருங்க, வாயைப் பாக்காதீங்க. இதுதான் யதார்த்தவாதம்."

மேடம் கௌரவ விரிவுரையாளர். அடுத்த ஆனியில் தனக்கு வேலை இருக்குமா என்பது அவருக்கே தெரியாது. அதனால் பாதுகாப்பின்மை பற்றிய பாடத்தை மட்டும் மிகுந்த உருக்கத்தோடு நடத்துவார்.

"மேடம்," என்று எழுந்தான் அல்தாப். "அரியலூரு ஒரு வருசம் தனி மாவட்டமா இருந்துச்சு. அப்புறம் திரும்பவும் பெரம்பலூரோட சேத்துட்டாங்க. அது இறையாண்மை போனதா, போர்டு மட்டும் போனதா?"

"அது சிலபஸ்ல இல்ல. உக்காரு."

முத்தமிழ் சிரிக்கவில்லை. அவன் மனம் செட்டிகுளத்துக்குப் போய்விட்டது. அங்கே அவர்கள் கிணற்றில் சித்தப்பா போன வாரம் புது மோட்டார் இறக்கியிருந்தார்.

அது கூட்டுக் கிணறு. அவன் அப்பா அய்யாக்கண்ணுவுக்குப் பாதி, அப்பாவின் தம்பி அரியமுத்துவுக்குப் பாதி. ஒருநாள் விட்டு ஒருநாள் முறை. கிணற்றின் உள்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் ஒன்று உண்டு. அதன் இடுக்கில் குருவி கூடு கட்டும். முறைக்காரர் தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்து, குருவிக்கல் வெளியே தெரிந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். கல்லுக்குக் கீழே இருப்பது மறுநாள் முறைக்காரருக்கு. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, யாரும் காவல் நிற்கவுமில்லை. அண்ணனும் தம்பியும் காட்டு வரப்புக்காகவும் புளியமரத்துக்காகவும் கட்டிப் புரண்டிருக்கிறார்கள். குருவிக்கல்லுக்காக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனதும் முத்தமிழ் நேராகக் கிணற்று மேட்டுக்குப் போனான். அப்பாவின் ஐந்து குதிரைத்திறன் மோட்டாருக்குப் பக்கத்தில் பச்சைப் பெயிண்ட் வாசனையோடு ஏழரை உட்கார்ந்திருந்தது. சித்தப்பா அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா கலெக்டரு. எப்ப வந்த?"

"காலையில சித்தப்பா. எதுக்கு இவ்ளோ பெருசு?"

"மூணு பேஸ் கரண்டைக் கொறைச்சுட்டான்ல. இருக்குற நேரத்துல சட்டுனு இழுத்துப் பாச்சணும். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன், அவரு முறையிலயும் இதையே ஓட்டிக்கிடட்டும்னு. அந்தக் கெழட்டு மோட்டாரு என்னத்துக்கு ஆவுது?"

முத்தமிழ் தலையாட்டினான். சமாதான நோக்கத்துக்காகவே ஆயுதம் வாங்கியதாகச் சொல்லாத நாடு எது?

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் ஆரம்பித்தான். "ஏம்ப்பா, அவரு ஏழரை வச்சிருக்காரு. நம்மகிட்ட அஞ்சு."

"ஆமா. அதுக்கு?"

"நாளைக்கு அவரு கல்லுக்குக் கீழ இழுத்தா நம்மளால என்ன பண்ண முடியும்?"

"ஏன்டா இழுக்கப் போறான்?"

"இழுப்பாருன்னு சொல்லல. இழுக்க முடியும்னு சொல்றேன். நீங்க மனசைப் பாக்குறீங்க. கையைப் பாக்கணும்."

அய்யாக்கண்ணு சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியைப் பார்த்தார். "ஏ பொன்னம்மா, ஒம் மவன் காலேஜுல போயி இதைத்தான் படிக்கிறானா?"

"பரீச்சைக்கு வரும்போல," என்றாள் பொன்னம்மாள்.

"அரியமுத்துவ இடுப்புல தூக்கிச் சுமந்தவன் நான்டா. அவன் கையில என்ன இருக்குன்னு எனக்கு நீ சொல்றியா? குழம்பு ஊத்திக்க."

கோட்பாடு தெரியாத மக்கள் இப்படித்தான் அழிகிறார்கள் என்று முத்தமிழ் நினைத்தான். குழம்பு ஊற்றிக்கொண்டான்.

பங்குனி உத்திரத்துக்கு மலைமேல் முருகனைப் பார்க்க ஊரே போய்விட்டது. அன்றைக்கு அப்பாவின் முறை. கரண்ட் பகலில்தான். வெங்காயம் காய் பெருக்கும் பருவம். ஒரு தண்ணீர் தவறினாலும் காய் சுண்டிப்போகும். "கல்லு தெரிஞ்சா நிறுத்திப்புடு," என்று சொல்லிவிட்டு அப்பாவும் அம்மாவும் போனார்கள். சித்தப்பா வீட்டார் அவர்களுக்கு முன்னாலேயே போயிருந்தார்கள். கிணற்று மேட்டில் முத்தமிழும் ஐந்து குதிரைத்திறனும் மட்டும்.

அதே நாட்களில்தான் ஈராக்கில் குண்டு விழத் தொடங்கியிருந்தது. அடிக்கப்போகிறவனை முந்திக்கொண்டு அடிப்பதற்கு ஒரு பெயர் உண்டு என்று மேடம் போர்டில் எழுதிப் போட்டிருந்தார். அல்தாப்பிடம் அதை வியந்து பேசியபோது அவன் சொன்னான்: "எங்க அண்ணன் விஷப்புகைக்குப் பயந்து மூஞ்சில மாஸ்க்கை மாட்டிக்கிட்டுத் தூங்குறானாம். நீ போர்டுல அம்புக்குறி போட்டு வெளையாடு."

வெயில் ஏறியபோது குருவிக்கல் தெரிந்தது. ஈரமாக, கறுப்பாக, ஒரு பக்கம் எச்சம் வழிந்து. முத்தமிழ் சுவிட்சுப் பெட்டி வரைக்கும் போனான். பெட்டிக் கதவைத் திறந்தான். பிறகு மூடினான். ஏழரை எப்படியும் ஒருநாள் கல்லைத் தாண்டும். அதற்கு முன்னால் ஐந்து தாண்டிக்கொள்வது தற்காப்பு. வேப்பமர நிழலில் உட்கார்ந்து வாய்க்காலைப் பார்த்தான். பாத்தி பாத்தியாகத் தண்ணீர் ஏறியது. காற்றை உறிஞ்சும் சத்தம் வந்ததும்தான் எழுந்து போய் நிறுத்தினான். கிணற்றின் அடியில் சேறு மின்னியது. ஒரு தவளை நடுவில் நின்று அவனையே பார்த்தது.

மறுநாள் அரியமுத்து வழக்கம்போல எட்டிக்கூடப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டு, மடை திறக்க மண்வெட்டியோடு கடைசிப் பாத்திக்குப் போனார். ஆயுசு முழுவதும் அவர் எட்டிப் பார்த்ததில்லை. இரவில் ஊறியிருந்த கொஞ்சத்தையும் ஏழரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வெறுங்காற்றை இழுத்தது. அவர் தண்ணீர் வரவில்லையே என்று திரும்பி ஓடிவருவதற்குள் மோட்டாரின் செம்புக் காயில் கருகிப் புகை வந்துகொண்டிருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் கிணற்று மேட்டில் நின்றார்கள். முத்தமிழ் அப்பாவுக்குப் பின்னால் நின்றான்.

"அண்ணே, நேத்து கல்லைப் பாத்து நிறுத்துனீங்களா?"

"என்னடா கேள்வி இது?"

"கேக்குறேன். சேறு தெரியுதுல்ல, அதான்."

"ஊத்து கொறைஞ்சிருக்கும். மழை எங்க பேஞ்சுது?"

"ஊத்து ஒரே நாள்ல கொறையுமா?"

அய்யாக்கண்ணுவின் குரல் மாறியது. "எம் வூட்டுல ஒருத்தரும் அந்தக் காரியம் பண்ண மாட்டோம்டா. எம் பிள்ள மேல சத்தியம்." கையைப் பின்னால் நீட்டி முத்தமிழின் தலைமேல் வைத்தார்.

கை கனமாக இருந்தது. வெங்காய வாசனை அடித்தது. அரியமுத்து அந்தக் கையைப் பார்க்கவில்லை, அதற்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்தார். முத்தமிழ் தவளை எங்கே என்று தேடுவதுபோலக் கிணற்றுக்குள் பார்த்தான். இப்படி ஒன்றும் சொல்லாமல் நிற்பதற்கும் பாடத்தில் ஒரு பெயர் இருந்தது.

"சரிண்ணே," என்றார் அரியமுத்து.

மோட்டாருக்குப் புதுக் காயில் கட்டிக் கொண்டுவருவதற்குள் அவருடைய வெங்காயம் தாள் காய்ந்து மடிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. ஒரு வாரம் கழித்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டி அவர் காட்டுக்குள் நுழைந்தது. கிணற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில், முந்நூறு அடி ஆழத்துக்குப் போர் இறங்கியது.

வண்டியின் சத்தம் அய்யாக்கண்ணுவின் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களையெல்லாம் அதிர வைத்தது. அவர் வாசலில் நின்று வெகுநேரம் கேட்டார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாத்தியா," என்றார் பொன்னம்மாளிடம். பிறகு மகனிடம் திரும்பி, "படிச்ச புள்ள சொன்னப்பவே நான் கேட்டிருக்கணும்," என்றார்.

பிறந்ததிலிருந்து அப்பா அவனை அப்படிப் பாராட்டியதில்லை. பாராட்டைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

அதன்பிறகு எல்லாம் பாடப்புத்தகத்தைப் பார்த்து நடப்பதுபோல நடந்தது. பொன்னம்மாளின் தாலிக்கொடி வங்கிக்குப் போனது. அய்யாக்கண்ணு நானூற்றைம்பது அடி போட்டார். சித்தப்பா காளைகளை விற்று அறுநூறுக்கு இறக்கினார். தனக்காகத்தான் போட்டேன் என்று இருவருமே சொன்னார்கள், இருவரும் சொன்னது உண்மை. கூட்டுக் கிணற்றின் ஊற்றை இரண்டு போரும் அடியிலிருந்தே வாங்கிக்கொண்டன. ஆடிக்குள் குருவிக்கல் உச்சி முதல் அடி வரை காய்ந்து வெளுத்தது. குருவிகள் வேறு எங்கோ போயின. அந்த வருடம் மழையும் ஏமாற்றியதில் முதலில் சித்தப்பாவின் போர் புழுதி கக்கியது, பிறகு அப்பாவுடையது. ரிக் வண்டிக்காரர் ஒருவர்தான் இரண்டு தரப்புக்கும் நண்பராக இருந்தார்.

பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. தற்காப்புக்காக ஒருவன் எடுக்கும் நடவடிக்கை எதிராளியை அச்சுறுத்தி, முடிவில் இருவரையும் பலவீனப்படுத்துவதைத் தகுந்த எடுத்துக்காட்டுடன் விளக்குக. முத்தமிழ் அமெரிக்காவையும் சோவியத்தையும் எழுதினான். செட்டிகுளத்தை எழுதினால் மார்க் விழாது. மேடம் அவன் விடைத்தாளை வகுப்பில் படித்துக் காட்டினார். அல்தாப் அன்றைக்கு வரவில்லை. அண்ணன் உயிரோடு இருந்தான். ஆனால் முதலாளி கடையை மூடிவிட்டு ஓடிவிட்டதால் வேலை போய் ஊருக்கு வந்துகொண்டிருந்தான். மெட்ராஸுக்குப் போய் அழைத்துவர அல்தாப் போயிருந்தான்.

தை பிறப்பதற்குள் குடிதண்ணீருக்கே வரிசை வந்துவிட்டது. தெருமுனைக் குழாயை ஊராட்சி ஆள் ஒருவர் நினைத்த நாளில் வந்து திறப்பார். அவர் வந்தால் வந்ததுதான். ஊரில் யாரும் அவரை எதிர்த்து இருமக்கூட மாட்டார்கள். உலகத்துக்குத் தலையாரி வேண்டும் என்பவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

மாட்டுப் பொங்கலன்று காலையில் முத்தமிழ் குடத்தோடு வரிசையில் நின்றான். வீட்டில் குளிப்பாட்ட மாடு இல்லை, குடிக்கத்தான். அவனுக்கு முன்னால் சித்தப்பா நின்றார். பத்து மாதமாகப் பேச்சில்லை. பொங்கல் கழித்துக் குடும்பத்தோடு திருப்பூருக்குப் போகிறார், பனியன் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை என்று ஊருக்குள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பாமலேயே சித்தப்பா பேசினார்.

"அன்னிக்கு உத்திரத்துக்கு, மோட்டாரை நிறுத்தாம உட்டது நீதான?"

முத்தமிழ் குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணனுக்குக் கல்லைப் பாத்தா கை தானா சுவிட்சுக்குப் போயிரும். தூக்கத்துலகூடப் போயிரும். அவரு சத்தியம் பண்றப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா சித்தப்பா போர் போட்டீங்க?"

"அண்ணனை நம்பலாம்டா. எம்புட்டு நாளைக்கு? அவருக்கப்புறம் கெணத்துக்கு நீதான வருவ."

இதை மேடம் இன்னும் நடத்தவில்லை. வரிசை அசையவில்லை. யாரோ குழந்தையை அதட்டினார்கள்.

"நான் வேணா அப்பாகிட்ட..."

"வாயை மூடு," என்றார் சித்தப்பா மெதுவாக. "எல்லாம் வத்துன பொறவு சொல்ல வந்துட்டான். அவரு என்னையத் திட்டிக்கிட்டுக் கெடக்காரு. நான் ஊருல இல்லாட்டியும் திட்டலாம், தொந்தரவு இல்ல. உன்னையத் திட்ட ஆரம்பிச்சா ஒரே வூட்டுக்குள்ள எங்கடா போவாரு?"

குழாய்க்காரர் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. வரிசை முழுவதும் ஒரே உடம்பாக முன்னால் சாய்ந்தது. அப்போதுதான் சித்தப்பா திரும்பிக் கீழே பார்த்தார்.

"குடத்தைத் தள்ளி வையி. எம் எடத்துல இருக்கு."

முத்தமிழ் குடத்தை ஒரு சாண் பின்னால் நகர்த்தி வைத்தான்.